வரம்பில் ஓடும் செங்கறுப்பு வண்டு: அடையாளமும் பரம்பலும்

கழுத்திலோ கையிலோ ஒரு சிவந்த கோடு எழும்பி, மறுநாள் நீர்க்கொப்புளமாகி எரிந்தால், எங்கள் பக்கத்தில் நாலு பேர் நாலு காரணம் சொல்வார்கள். ஒருவர் பல்லி மூத்திரம் என்பார். இன்னொருவர் சிலந்தி என்பார். மூன்றாமவர் அக்கி என்றே முடிவுகட்டி மந்திரிக்க ஆள் தேடுவார். வேளாண்மை வெட்டு நடக்கும் மாதமாகவும் வயலை ஒட்டிய வீடாகவும் இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ஏழெட்டு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு வண்டைத்தான். அதன் அறிவியற்பெயர் பெடரஸ் ஃபுஸ்சிபெஸ். ரோவ் வண்டுகள் எனப்படும் ஸ்டஃபிலினிடே குடும்பத்தைச் சேர்ந்தது.

சந்தேகம் வேறு, அடையாளம் வேறு. கொப்புளத்தைப் பார்த்து வண்டுக்குப் பெயர் வைக்க முடியாது. வண்டையே பிடித்துப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கையில் கிடைத்தது இந்த இனம்தானா என்று பார்ப்பது ஒன்று. வாழைச்சேனையைச் சுற்றி அது எங்கெங்கே வாழ்கிறது என்பதைப் பிறர் நம்பக்கூடிய விதத்தில் பதிவது மற்றது. முதலாவதற்குப் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று போதும். இரண்டாவதற்குப் பென்சிலும் பொறுமையும் வேண்டும். ஆர்வத்தோடு தொடங்குபவர்களில் பலர் வழுக்கிவிழுவது இந்த இரண்டாவதில்தான்.

குட்டைச் சிறகுறை

வண்டென்றால் முதுகு முழுவதும் ஓடு மூடியிருக்கும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு அது சரி. ரோவ் வண்டில் அந்த ஓடு, அதாவது சிறகுறை, உடம்பின் நடுப்பகுதியோடு நின்றுவிடுகிறது. வயிற்றின் கண்டங்கள் ஐந்தாறு வெளியே தெரியும். பறக்கும் சிறகுகள் பல மடிப்பாக மடிந்து அந்தக் குட்டை உறைக்குள் கிடக்கும். பார்ப்பவர்கள் இதைச் சிறகில்லாத பூச்சி என்றும், சிலர் எறும்பு என்றும் நினைத்துவிடுவது இதனால்தான்.

இந்தக் குடும்பத்தில் பெயரிடப்பட்ட இனங்கள் மட்டும் 60,000க்கும் மேல். விலங்குலகின் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. மாட்டுச் சாணத்தில், அழுகிய பழத்தில், காளானில், மக்கும் வைக்கோலுக்கடியில் எல்லாம் இருக்கும். பெரும்பாலானவை கறுப்பும் மண்ணிறமுமாக ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால், அவற்றுக்கு இனப்பெயர் சொல்வது வாழ்நாளெல்லாம் அதே வேலையாக இருப்பவர்களுக்குத்தான் இயலும். புதிதாகத் தொடங்குபவர் அந்தக் காட்டுக்குள் போகவேண்டாம். பெடரஸ் பேரினம் நிறத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தொடங்க அதுவே நல்ல இடம்.

தலையிலிருந்து வால் வரை

உயிருள்ள வண்டை மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் கடதாசியின்மேல் வைத்துப் பாருங்கள். மஞ்சள் மின்குமிழின் கீழ் பார்த்தால் சிறகுறையின் நிறம் ஏமாற்றும்.

தலை கறுப்பு. அதன் பின்னே முன்மார்பு, பளபளக்கும் செம்மஞ்சள். அதன் பின்னே சிறகுறை, நீலமோ நீலப்பச்சையோ கலந்த உலோக மினுக்கம். சாய்த்துப் பிடித்தால் நிறம் சற்று மாறும். வயிற்றில் வெளியே தெரியும் கண்டங்களில் முதல் நான்கும் செம்மஞ்சள், கடைசி இரண்டும் கறுப்பு. ஆக, கறுப்பு, செம்மஞ்சள், நீலம், செம்மஞ்சள், கறுப்பு என்று ஐந்து பட்டைகள். இந்த வரிசையில் ஒன்று குறைந்தாலோ இடம் மாறினாலோ கையில் இருப்பது வேறு பூச்சி.

நிறம் பொருந்தினால் வில்லையை எடுங்கள். உணர்கொம்பு நூல்போல் மெல்லியது. அதில் 11 கணுக்கள். அடியில் உள்ள சில கணுக்கள் மஞ்சளாகவும் மற்றவை கருமையாகவும் இருக்கும். முன்மார்பின் மேற்பரப்பு குவிந்தது, வழவழப்பானது, பின்பக்கம் சற்றே குறுகுவது. சிறகுறையின் மேற்பரப்பு நேர்மாறாக, நெருக்கமான ஆழ்ந்த குழிப்புள்ளிகளால் சொரசொரப்பாக இருக்கும். கால்கள் மஞ்சட்பழுப்பு, தொடைகளின் நுனி கறுத்திருக்கும். ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து கணுக்கள், அதில் நான்காவது இரண்டு மடலாகப் பிரிந்திருக்கும். இந்தக் கடைசி அடையாளத்தைப் பார்க்கப் பத்து மடங்கு வில்லையும் சிரமப்படும். பாடசாலை ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கி இருந்தால் அங்கே கொண்டுபோங்கள்.

நடையையும் கவனியுங்கள். இந்த வண்டு நிற்பது அபூர்வம். வரம்பின் ஈரமண்ணில் விரைவாக ஓடும். குறுக்கே ஒரு புல்லை நீட்டினால் வயிற்றின் நுனியை மேலே தூக்கிக்கொண்டு ஓடும். கொட்டப்போகிறது என்று அதைப் பார்த்தவர்கள் நினைப்பார்கள். அதற்குக் கொடுக்கு இல்லை. தோலைப் பதம்பார்க்கும் கடியும் இல்லை.

ஆள்மாறாட்டம்

இங்கே சற்று நின்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் எங்கள் வயல்களில் இதே நிறக்கூட்டில் இன்னொரு வண்டும் ஓடுகிறது. அது ஒபியோனியா எனும் தரைவண்டு. அதுவும் செம்பழுப்பும் கருநீலமுமாகப் பட்டை போட்டது, அதுவும் மெலிந்தது, அதுவும் நெற்பயிரில் ஏறி இறங்கிப் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது. இலைச்சுருட்டிப் புழு மடித்த இலைக்குள்ளேயே நுழைந்து புழுவை வேட்டையாடும். கைப்பேசிப் படமொன்றில், மேலிருந்து எடுத்திருந்தால், இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. பிரிக்கும் வழி ஒன்றே: ஒபியோனியாவின் சிறகுறை வயிற்றை ஏறத்தாழ முழுவதும் மூடியிருக்கும், கருநீலப் பட்டைகள் அந்த உறையின் மேலேயே இருக்கும். பெடரஸில் பட்டை போட்ட வயிறு வெறுமையாகத் தெரியும். அதற்கு மேல் ஒபியோனியா தோலைப் புண்ணாக்குவதில்லை. பெடரஸ் என்று பயந்து அதைக் கொல்பவர் தன் வயலுக்கே கேடு செய்கிறார்.

எறும்பைப் பிரிப்பது இன்னும் எளிது. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும், இடுப்பு நூலாகச் சுருங்கியிருக்கும். பெடரஸில் இரண்டும் இல்லை. காதுப்பூச்சிக்கும் குட்டைச் சிறகுறை உண்டு. ஆனால் அதன் வாலில் இடுக்கி இருக்கும்.

கொப்புளம் போடும் இன்னொரு வண்டுக் குடும்பமும் உண்டு. கந்தரிடின் என்ற நஞ்சைச் சுரக்கும் கொப்புள வண்டுகள் அவை. உடல் பெரிது, சிறகுறை நீண்டு மென்மையாக இருக்கும், பூக்களில் மேயும். அவை நசுங்கினாலும் தோல் பொங்கும். புண்ணை மட்டும் வைத்து வண்டுக்குப் பெயர் சொல்லக்கூடாது என்று மேலே எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடம்பியை வைத்து இனம் சொல்ல முயலவேண்டாம். பெடரஸின் குடம்பி இரண்டு பருவங்களைக் கடந்து ஈரமண்ணிலேயே கூட்டுப்புழுவாகிறது. வயலில் தோண்டினால் கிடைக்கும், ஆனால் நிபுணரல்லாதவருக்கு அது எதையும் உறுதியாகச் சொல்லாது.

பேரினத்திலிருந்து இனத்துக்கு

ஐந்து பட்டைகளும் பொருந்திவிட்டால் உங்கள் கையில் இருப்பது பெடரஸ். ஃபுஸ்சிபெஸ் என்று அதற்குள் எழுதிவிடாதீர்கள். உலகில் இந்தப் பேரினத்தில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பலவும் இதே சட்டை போட்டவை. தென்னாசியாவில் மட்டும் பல இனங்கள். பெர்லினைச் சேர்ந்த எரிக்சன் 1840இல் விவரித்த பெடரஸ் டமுலுஸ் அவற்றில் ஒன்று. பிரான்சிஸ் வாக்கர் 1858இல் இலங்கையிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு விவரித்த பெடரஸ் ஆல்டர்னன்ஸ் இன்னொன்று. ஃபுஸ்சிபெஸுக்கோ இவற்றுக்கெல்லாம் முன்பே, 1826இல், ஜோன் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர் பிரித்தானியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய தன் நூலில் பெயர் வைத்துவிட்டார்.

எங்கள் பிராந்தியத்து ரோவ் வண்டுகளுக்கு இன்றும் கைகொடுப்பது மல்கம் கமரூன் எழுதிய பிரித்தானிய இந்திய விலங்கின வரிசை நூல்களே. அவற்றின் இரண்டாம் தொகுதி, 1931இல் வந்தது, பெடரஸ் உள்ள துணைக்குடும்பத்தைக் கையாள்கிறது. இலங்கையையும் பர்மாவையும் உள்ளடக்கியது. அதிலுள்ள திறவுகோல் ஒவ்வொரு படியிலும் இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டே இறங்கும். தொண்ணூறு வருடத்துக்கு மேற்பட்ட நூல், பெயர்களிற் சில மாறிவிட்டன, ஆங்கிலமும் கடினம். ஆனாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. கமரூனின் சேகரிப்பு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திறவுகோலில் முன்னேற ஆண் வண்டு வேண்டும். கவிழ்த்துப் போட்டு வயிற்றின் அடிப்பக்க நுனியைப் பாருங்கள். கடைசித் தகட்டின் நடுவில் ஒடுங்கிய ஆழ்ந்த வெட்டு இருந்தால் ஆண். விளிம்பு வெட்டில்லாமல் ஒரே வளைவாக இருந்தால் பெண். இனத்தை இறுதியாகத் தீர்மானிப்பது ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம். அதைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியின் கீழ் பார்க்க வேண்டும். கைப்பேசிப் படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த உறுப்பைக் காட்டாது. அதனால் என் பரிந்துரை இது: படம் மட்டும் இருந்தால் பெடரஸ் இனமொன்று என்று எழுதுங்கள். அது முழுமையற்ற பதிவல்ல, நேர்மையான பதிவு. ஆண் மாதிரி இருந்து, அதை ஒருவர் பிரித்துப் பார்த்திருந்தால் மட்டும் ஃபுஸ்சிபெஸ் என்று எழுதுங்கள்.

சிறகு பற்றியும் ஒரு சொல். மலைப்பகுதிகளில் வாழும் சில பெடரஸ் இனங்கள் பறக்கும் சிறகை இழந்துவிட்டன. அவற்றின் சிறகுறையும் முன்மார்பை விடக் குட்டையாகச் சுருங்கியிருக்கும். ஃபுஸ்சிபெஸுக்குச் சிறகு முழு வளர்ச்சி பெற்றது, சிறகுறை முன்மார்பை விட நீளமானது. வெளிச்சத்துக்குப் பறந்து வந்த வண்டென்றால் சிறகிழந்த இனங்கள் எல்லாம் பட்டியலிலிருந்து கழிந்துவிடும்.

தொடாமல் பிடிப்பது

இதை வாசிக்காமல் வயலில் இறங்கவேண்டாம்.

வண்டின் குருதிநீரில் பெடரின் என்ற நஞ்சு இருக்கிறது. வண்டு தானாக அதைப் பீச்சுவதில்லை. நாம் நசுக்கும்போது வெளியே வருகிறது. கழுத்தில் ஏதோ ஊர்கிறது என்று கையால் தட்டித் தேய்ப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. தேய்த்த திசையிலேயே புண் கோடாக எழும்பும். முழங்கையின் மடிப்பில் பட்டால், மடிக்கும்போது எதிர்ப்பக்கத் தோலிலும் அதே வடிவம் பதிந்து இரட்டைப் புண்ணாகும். பட்ட உடனே ஒன்றும் தெரியாது. அரைநாளிலிருந்து இரண்டு நாளுக்குள் சிவந்து, எரிந்து, கொப்புளிக்கும். அதனால் எப்போது, எதனால் என்பதே பலருக்கு நினைவிருக்காது. பல்லியின் மீது பழி விழ இந்த இடைவெளிதான் காரணம்.

பெடரினை 1953இல் பெயரிட்டவர்கள் இத்தாலியர்களான பவானும் போவும். அதைத் தூய வடிவில் பிரித்தெடுக்க இரண்டரைக் கோடி ஃபுஸ்சிபெஸ் வண்டுகள் தேவைப்பட்டன. வண்டின் எடையில் ஏறத்தாழ 0.025 வீதம்தான் இந்த நஞ்சு. அது கலத்தில் புரதம் உருவாவதைத் தடுக்கிறது, கலம் பிரிவதையும் நிறுத்துகிறது. நாகபாம்பின் விஷத்தை விடப் பல மடங்கு கொடியது என்று பத்திரிகைகள் எழுதும். எடைக்கு எடை ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. ஒரு வண்டில் இருப்பது மிகச் சொற்பம், அதுவும் தோலின் மேல் படுவது. இதனால் உயிர்போகும் என்று அயலாரைப் பயமுறுத்துவது ஒரு களஆய்வாளருக்கு அழகல்ல.

இந்த நஞ்சை வண்டு தானே தயாரிப்பதும் இல்லை. அதன் உடலில் குடியிருக்கும் சூடோமோனாஸ் வகைப் பற்றீரியா ஒன்றே தயாரிப்பாளர் என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் யோர்ன் பீல் 2002இல் மரபணு வழியாகக் காட்டினார். அந்தப் பற்றீரியா எல்லாப் பெண் வண்டுகளிலும் இல்லை. அது உள்ள தாய் நஞ்சை முட்டையில் ஏற்றிவிடுகிறது. குடம்பியை வேட்டையாட வரும் சிலந்திக்கு அது கசக்கும். ஆகவே ஒரு வண்டு பட்டும் புண் வரவில்லை என்றால் அது பெடரஸ் இல்லை என்று தீர்மானிக்கவும் முடியாது.

பிடிக்கும் முறை: வண்டின் முன்னே ஒரு கடதாசித் துண்டை வையுங்கள், அது தானே ஏறும், ஏறியதும் போத்தலுக்குள் தட்டுங்கள். மென்மையான தூரிகையும் நல்லது. பூச்சி சேகரிப்பவர்கள் வாயால் உறிஞ்சிப் பிடிக்கும் குழாயை இந்த வண்டுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். கையுறை போடுங்கள். உலர்ந்த மாதிரியிலும் பெடரின் நெடுநாள் வீரியத்தோடு இருக்கும். பழைய மாதிரிப் பெட்டியைத் துடைத்த விரலால் கண்ணைக் கசக்குவது வயலில் வண்டை நசுக்குவதற்குச் சமம்.

தோலில் வண்டு ஏறிவிட்டால் ஊதிவிடுங்கள், அல்லது கடதாசியால் எடுத்துவிடுங்கள். நசுங்கிவிட்டால் அந்த இடத்தை உடனே சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அப்போது உடுத்திருந்த சாரம், சட்டை, துவாய் எல்லாவற்றையும் தோய்த்துப் போடுங்கள். புண் எழும்பிவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி எரிவைக் குறைக்கும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மூலிகைச் சாறு, பற்பசை, சாம்பல் எதையும் பூசவேண்டாம். கண்ணில் பட்டால் தண்ணீரால் நெடுநேரம் அலம்பிவிட்டு, வீங்கும்வரை காத்திராமல், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். முடிந்தால் நசுங்கிய வண்டையும் ஒரு சிறு போத்தலில் கொண்டுபோங்கள். வைத்தியருக்கு அது உதவும், உங்கள் குறிப்பேட்டுக்கும் ஒரு பதிவு.

இது ஏதோ எங்கள் ஊருக்கு மட்டும் வந்த தொல்லையென்று நினைக்கவேண்டாம். ஒகினாவாவில் ஃபுஸ்சிபெஸால் பரவிய தோலழற்சியைப் பற்றி 1969இல் மருத்துவ ஆய்விதழில் எழுதினார்கள். இலங்கையில் நகர்ப்புறத்தை ஒட்டிய வைத்தியசாலை ஒன்றில் நிகழ்ந்த பரவலைப் பற்றிக் கமலதாசவும் சக வைத்தியர்களும் 1997இல் எழுதினார்கள். 2012 மார்ச்சில் இந்தோனேசியாவின் சுரபாயாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் வண்டுகள் புகுந்தபோது ஊரே அமளிப்பட்டது. கிழக்காபிரிக்காவில் வேறு பெடரஸ் இனங்களால் வரும் கண்ணழற்சிக்கு நைரோபிக் கண் என்று பெயர். சீனத்தில் 739ஆம் ஆண்டளவிலேயே ஒரு மருந்துநூல் இத்தகைய பூச்சியைப் பற்றிக் குறித்திருக்கிறது.

பரம்பல்: பெரிய வரைபடம், சிறிய வரைபடம்

பெரிய வரைபடத்தில் ஃபுஸ்சிபெஸ் ஊர்சுற்றி. பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பா, மத்திய ஆசியா வழியாக யப்பான் வரை, தெற்கே இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, அவுஸ்திரேலியா வரை. இவ்வளவு தூரம் பரந்தும் அது கேட்பது ஒன்றே: ஈரமான மண். பிரித்தானியாவில் அது ஈரநிலங்களில்தான் கிடைக்கும். ஆசியாவில் அந்த ஈரநிலத்தை மனிதனே வயலாக வெட்டிக் கொடுத்துவிட்டான். கபிலநிறத் தத்தி, பச்சைத் தத்தி, இலைச்சுருட்டிப் புழு என நெல்லைத் தின்னும் பலவற்றை இந்த வண்டு தின்கிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987இல் உழவனின் நண்பர்களான பூச்சிகளைப் பற்றி வெளியிட்ட கைநூலில் இதற்கும் இடம் கொடுத்தது. வண்டுக்குப் பயந்து வயலுக்கு மருந்தடிக்க ஒருவர் கிளம்பினால் இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சிறிய வரைபடம் உங்கள் வேலை. வாழைச்சேனை அதற்கு நல்ல களம். ஒரு பக்கம் கடல், நடுவே உப்புத்தண்ணீர்க் களப்பு, மேற்கே மாதுறு ஓயா இறங்கிவரும் வயல்வெளி. களப்பைக் கடந்தால் ஓட்டமாவடி. அதற்கப்பால் வாகனேரிக் குளத்தின் கீழ் வயல்கள், தெற்கே கிரான், பூலாக்காடு, முறுத்தானை வட்டைகள், வடமேற்கே புணானைக் காடு. சில கிலோமீற்றருக்குள் உப்புக்கரை, நன்னீர்க்குளம், நெல்வயல், காடு, மணற்கரை எல்லாம் இருக்கும் இடம். எந்தக் கோட்டில் வண்டு நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்க இதைவிட வசதி ஏது?

இரவு வெளிச்சத்தில் பிடிப்பது சுலபம், அதனால் எல்லோரும் அதையே செய்வார்கள். வெள்ளைத் துணியைக் கட்டி, முன்னால் வெள்ளை எல்.இ.டி. குமிழைத் தொங்கவிட்டால் மழைக்குப் பிந்திய புழுக்கமான இரவுகளில் வண்டுகள் வரும். ஆனால் வெளிச்சத்துக்கு வந்த வண்டு எங்கிருந்து வந்தது? கல்குடாவில் விடுதி ஒன்றின் சுவரில் கிடைத்தது கல்குடா மணலில் வாழ்கிறது என்று பொருளாகாது. ஆகவே வெளிச்சத்தில் கிடைத்தவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். வரைபடத்தில் அவற்றுக்கு வெற்றுவட்டம் போடுங்கள். பகலில், மண்ணில், ஓடும்போது பிடித்தவற்றுக்கு மட்டும் நிரப்பிய வட்டம். குடம்பி கிடைத்த இடம் என்றால் இன்னும் உறுதி. ஒரு நிபுணர் அதைப் பெடரஸ் என்று ஏற்றுக்கொண்டால் அங்கே அது பெருகுகிறது என்று எழுதலாம்.

பகல் தேடலுக்கு வெயில் ஏறுமுன் போங்கள். வரம்பின் புல்லடி, வாய்க்கால் ஓரம், குளக்கட்டின் உள்பக்க ஈரம், பயிரின் அடித்தண்டு. வெட்டு முடிந்த பிறகு களவெட்டியிலும் வயலிலும் கிடக்கும் வைக்கோலைத் தடியால் புரட்டிப் பாருங்கள், கையால் வேண்டாம். 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு ஓடிய காலம் ஒன்று இருந்தது. அந்த வைக்கோலைப் புரட்டி யாராவது பூச்சிகளை எழுதிவைத்திருந்தால் இன்று ஒப்பிட எவ்வளவு வசதி!

புரட்டிப் பார்ப்பதோடு பொறியும் வையுங்கள். கழுவிய யோகட் கப் போதும். வாய் மண்மட்டத்துக்கு வரும்படி புதைத்து, அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டு, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். மேற்பரப்பு இழுவிசை போய்விடுவதால் விழுந்த வண்டு மூழ்கிவிடும். மழைக்கு மறைப்பாக ஒரு ஓட்டுத்துண்டைக் கற்களின் மேல் சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே எண்ணிக்கையான கப்புகள், ஒரே நேரம், ஒரே இரவு. களப்பின் உப்புக்கரையில் மூன்றும் வாகனேரி வரம்பில் இருபதும் வைத்துவிட்டு வயலில் அதிகம் என்று சொல்வதில் பொருளில்லை.

பருவத்தை மறக்கவேண்டாம். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை. மார்கழி வெள்ளத்தில் தாழ்ந்த வட்டைகள் மூழ்கும்போது தரையில் பொறி வைக்க முடியாது, பயிரின் மேலும் மேட்டுவரம்பிலும் தேடவேண்டும். பெப்ரவரி, மார்ச் வெட்டுக் காலம். மலேசியாவின் பினாங்கில் வயலோரக் குடியிருப்புகளில் செய்த ஆய்வுகள், அறுவடையும் உழவும் வயலைக் கலைக்கும்போது வண்டுகள் வீடுகளை நோக்கிப் பறப்பதைக் காட்டின. வெட்டு மெசின் ஒரு வட்டையில் இறங்கிய திகதியைப் போடியாரிடமோ வட்டவிதானையாரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அயலிலுள்ள வீடுகளில் வண்டு தோன்றிய திகதிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே ஒரு கதை கிடைக்கும். சிறுபோகம் குளத்துத் தண்ணீர் கிடைக்கும் வயல்களில் மட்டும் நடப்பதால், கோடையில் வண்டு எங்கே ஒதுங்குகிறது என்பதையும் அப்போது தேடலாம்.

வீட்டில் வண்டின் வரவைக் குறைப்பதற்கும் இந்த வெட்டுத் திகதிகளே வழி காட்டும். வெட்டு நடக்கும் வாரங்களில் வாசல் விளக்கை அணையுங்கள், அல்லது வெள்ளைக் குமிழுக்குப் பதில் மஞ்சட்குமிழ் போடுங்கள். படுக்கைக்கு நேர்மேலே எரியும் டியூப் லைட்டைத் தவிருங்கள். நுளம்பு வலையைப் பாயின் கீழே செருகிவிடுங்கள்.

சீட்டும் குறிப்பேடும்

வண்டு கிடைக்காத இடத்தையும் எழுதுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. வரைபடத்தில் வெறுமையான இடம் தேடியும் இல்லாததா, தேடவே இல்லாததா என்பது எழுதியவருக்கே ஒரு வருடத்தில் மறந்துபோகும். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எத்தனை கப் என்பதோடு இல்லை என்று எழுதினால் அதுவும் பரம்பலின் ஒரு புள்ளி.

மாதிரியை 70 வீத மதுசாரத்தில் இடுங்கள். மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட் போதும். மரபணு ஆய்வுக்குப் போகும் என்றால் 95 வீதத்துக்குக் குறையாத மதுசாரம் வேண்டும். மதுசாரம் நிறத்தை மெல்ல மங்கச்செய்யும். ஆகவே இடுமுன்னரே மேலிருந்தும், பக்கவாட்டிலும், வயிற்றுப் பக்கமும் மூன்று படம், பக்கத்தில் மில்லிமீற்றர் அளவுகோலோடு.

சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே போடுங்கள். பேனை மை கரைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டு என்றோ ஒருநாள் கழன்றுவிடும். அதில் எழுதவேண்டியது: இலங்கை, மட்டக்களப்பு மாவட்டம், ஊர், வட்டையின் அல்லது குளத்தின் பெயர், கைப்பேசி காட்டும் அகலாங்கும் நெட்டாங்கும், திகதி, வாழிடம், பிடித்த முறை, பிடித்தவர் பெயர். வாழைச்சேனை என்று மட்டும் எழுதுவது போதாது. அந்தப் பெயருக்குள் துறைமுகமும் இருக்கிறது, களப்புக்கரையும் இருக்கிறது, வயலும் இருக்கிறது. மாதத்தை எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதுங்கள். 03.02 என்பதை வெளிநாட்டு நிபுணர் மார்ச் என்று வாசிக்கக்கூடும்.

காட்டுப்பக்கம், குறிப்பாக வனசீவராசிகள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள நிலத்தில், முன் அனுமதி இல்லாமல் ஒரு வண்டையும் எடுக்கவேண்டாம். மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் தனி அனுமதி வேண்டும். வயலில் எடுப்பதற்கு வயற்காரரின் சம்மதம். அதைக் கேட்கும்போதே வண்டின் படத்தைக் காட்டிவிடுங்கள், எங்கே பார்த்தேன் என்று அவரே சொல்வார்.

ஆண்களையும் பெண்களையும் வேறு போத்தல்களில் பிரித்துவையுங்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் சில ஆண்கள் இருந்தால் போதும், மிச்சத்தை விட்டுவிடுங்கள். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தையோ கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தையோ எழுத்தில் தொடர்புகொண்டு, யாரிடம் கொடுப்பது என்று கேட்டபின் கொண்டுபோங்கள். போத்தலின் மேல் நஞ்சுள்ள வண்டு, வெறுங்கையால் தொடவேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். அதை முதலில் திறப்பவர் பூச்சியியலாளராக இல்லாமலும் இருக்கலாம்.